சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜரில் கூடுதல் பூஸ்ட்: சின்ன புல்லியா, அகலமான பெல்ட்டா, பெரிய ஹெட் யூனிட்டா?

ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வைத்திருப்பவர்கள் சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர் கிட் ஒன்றை (பெல்ட்டால் சுழலும் விசிறி ஒன்று காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சாதனம்) மாட்டி, இன்ஜின் கணினியை டியூன் செய்து, ஆசை தீர ஓட்டிய பிறகு கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், எட்டு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு எட்டு பவுண்டு) வருகிறது, இதைப் பத்தாக்க என்ன வழி? உடனே கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: சூப்பர்சார்ஜரில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைச் சின்னதாகப் போடு. அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் முதலில் செய்யவேண்டிய வேலை அது இல்லை. புல்லியைத் தொடுவதற்கு முன் பார்க்கவேண்டியவை சில இருக்கின்றன. சிலருக்கு அவற்றோடே வேலை முடிந்துவிடும். வேறு சிலருக்குப் புல்லி எந்த அளவிலும் பயன்படாது. அவர்களுக்குத் தேவை வேறு சாதனம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2015 முதல் 2017 வரை வந்த மஸ்டாங் ஜிடி. ஐந்து லிட்டர் கொயோட்டி வி8, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படும் விகிதம்) 11:1, ரெட்லைன் (இன்ஜினின் உச்ச வேகம்) 7,000 ஆர்பிஎம். இன்ஜின் பக்கத்தில் இருக்கும் கிராங்க் புல்லி 7 அங்குலம், சூப்பர்சார்ஜர் புல்லி 3.8 அங்குலம், சூப்பர்சார்ஜரின் உடலான ஹெட் யூனிட்டுக்குள் இருக்கும் கியர் வேகத்தை 3.6 மடங்காக்குகிறது, காற்றை அழுத்தும் விசிறியான இம்பெல்லர் தாங்கும் உச்ச வேகம் 52,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். புல்லி அளவுகள் கிட்டுக்குக் கிட் மாறும், கணக்கு மாறாது.

இன்ஜின் வேகத்தைக் கிராங்க் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, சூப்பர்சார்ஜர் புல்லியின் விட்டத்தால் வகுத்து, கியர் விகிதத்தால் பெருக்கினால் இம்பெல்லர் வேகம் வரும். நம் காரில் ரெட்லைனில் அது சுமார் 46,400. சென்ட்ரிஃபியூகலின் குணமே இதற்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது. அழுத்தம் இம்பெல்லர் வேகத்தோடு நேராக ஏறாது, ஏறத்தாழ அதன் வர்க்கத்தோடு ஏறும். 7,000-இல் எட்டு பிஎஸ்ஐ தரும் யூனிட் 3,500-இல் இரண்டு பிஎஸ்ஐ அளவில்தான் தரும். மேலே கொஞ்சம் வேகம் கூட்டினாலே நல்ல பலன் கிடைப்பதும், கீழே எவ்வளவு கூட்டினாலும் ஏமாற்றமாக இருப்பதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

இன்னொன்றையும் மனதில் வைக்கவேண்டும். பூஸ்ட் கேஜில் தெரிவது இன்ஜினுக்குள் போன காற்றின் அளவு அல்ல. உள்ளே போக முடியாமல் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்த் தொகுதி) நெருக்கிக்கொண்டு நிற்கும் காற்றின் அழுத்தம். நல்ல ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி) மாட்டினால், எக்ஸாஸ்டைத் திறந்துவிட்டால், கேஜ் அரை பிஎஸ்ஐ இறங்கி, திறனை அளக்கும் டைனோவில் குதிரைத்திறன் ஏறியிருக்கும். கேஜ் இறங்கியதே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. அது நல்ல செய்திதான். அதேபோல, கடல் மட்டத்தில் எட்டு காட்டும் கிட், ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் ஆறரைக்குப் பக்கத்தில்தான் காட்டும். வெளிக்காற்றே அங்கே 12 பிஎஸ்ஐ சொச்சம்தான். கிட்டில் எந்தக் கோளாறும் இல்லை.

முதலில், ஏற்கெனவே உருவாகும் பூஸ்ட் எங்கே போகிறது?

நான் எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதுதான். இதற்குப் பெரிய செலவு கிடையாது. இன்டேக்கை அடைத்து, ஒரு ரெகுலேட்டர் வழியாக கம்ப்ரெசர் காற்றை எட்டுப் பத்து பிஎஸ்ஐ வரை ஏற்றி, ஒவ்வொரு ஹோஸ் மூட்டிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்க்கவேண்டும். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது போலத்தான். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் முனையில் இருக்கும் சிலிக்கான் ஹோஸ், த்ராட்டில் பாடிக்கு முந்தைய மூட்டு, ஆக்ஸிலரேட்டரை விடும்போது மிஞ்சும் காற்றை விடுவிக்கும் பைபாஸ் வால்வின் அடிப்பகுதி, இந்த மூன்றில் ஒன்றில் குமிழி வருவது சகஜம். சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப் இருந்தால் டி-போல்ட் கிளாம்ப் மாற்றுங்கள்.

பைபாஸ் வால்வைத் தனியாகப் பார்க்கவேண்டும். அதற்குப் போகும் வேக்கம் குழாய் விரிசல் விட்டிருந்தாலோ, தவறான இடத்திலிருந்து எடுத்திருந்தாலோ, பூஸ்டில் மூடியிருக்கவேண்டிய வால்வு லேசாகத் திறந்துகொள்ளும். கேஜ் ஆறில் நிற்கும். ஓட்டுபவர் சின்ன புல்லி வாங்கப் போவார்.

அப்புறம் ஃபில்டர் பக்கம். இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. சூப்பர்சார்ஜர் அழுத்தத்தைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. விகிதம் 1.6 என்றால், 14.7 பிஎஸ்ஐ காற்று உள்ளே வந்தால் 23.5 ஆக வெளியே போகும். ஃபில்டரும் அதற்கடுத்த வளைந்த குழாயும் நெருக்கி, இம்பெல்லர் வாயில் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 13.7 தான் உள்ளே வரும், 21.9 தான் வெளியே போகும். வாயில் இழந்தது ஒன்று, வெளியே இழந்தது ஒன்று புள்ளி ஆறு. அதே இழப்பு இன்டர்கூலரில் ஏற்பட்டால் ஒன்றுக்கு ஒன்றோடு முடியும். ஆகவே இழப்பு இரண்டு பக்கமும் இருந்தால் ஃபில்டர் பக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள். இம்பெல்லர் வாய்க்கு ஒட்டியே தொண்ணூறு டிகிரி முழங்கை இருந்தால் காற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து போய் விழும். கொஞ்சம் நேரான குழாய் கிடைத்தால்கூட மாற்றம் தெரியும்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1938-இல் ரோல்ஸ் ராய்ஸில் சேர்ந்த ஸ்டான்லி ஹுக்கர், மெர்லின் விமான இன்ஜினின் சூப்பர்சார்ஜரை ஆராய்ந்தபோது முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று காற்று நுழையும் முழங்கைக் குழாய்தான். அதையும், இம்பெல்லரை விட்டு வரும் காற்றின் வேகத்தை அழுத்தமாக மாற்றும் டிஃப்யூசரையும் திருத்தி வரைந்ததில் வந்த முன்னேற்றம் அடுத்து வந்த மெர்லின் வகைகளின் திறனை உயர்த்தியது. மெர்லின் பூட்டிய ஸ்பிட்ஃபயர் போர்விமானத்துக்குப் பொருந்திய அந்த இயற்பியல் மஸ்டாங்குக்கும் பொருந்தும்.

இன்டர்கூலரில் உள்ளே போகும் அழுத்தம், வெளியே வரும் அழுத்தம் இரண்டையும் அளந்து பாருங்கள். ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். இரண்டு மூன்று என்றால் இன்டர்கூலரின் உட்பகுதியான கோர் சின்னது. சின்ன கோரை வைத்துக்கொண்டு புல்லியை மாற்றுவது வெப்பத்தை மட்டும்தான் கூட்டும்.

பெல்ட் வழுக்கினால் புல்லி வெறும் எண்

ஓட்டத்தின்போது பதிவாகும் டேட்டா லாகில் பூஸ்ட் கோட்டைப் பாருங்கள். சென்ட்ரிஃபியூகலில் அது ரெட்லைன் வரை ஏறிக்கொண்டே போகவேண்டும், அதுவும் மேலே போகப் போக செங்குத்தாக. 6,000 வரை ஒழுங்காக ஏறி, அதற்குமேல் சமதளமாகிவிட்டாலோ இறங்கத் தொடங்கினாலோ முதல் சந்தேகம் பெல்ட் மீதுதான். பானட்டைத் திறந்தால் அடிப்பக்கத்திலும் புல்லியைச் சுற்றியும் கறுப்பு ரப்பர் தூள் படிந்திருக்கும். பெல்ட்டின் ரிப்கள் (நீளவாட்டு வரிகள்) கண்ணாடி போல் பளபளக்கும். ஒரு வேகமான ஓட்டம் முடிந்த கையோடு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் புல்லிகள் மேல் காட்டினால், வழுக்கும் புல்லி மட்டும் மற்றவற்றைவிட நன்றாகவே சூடாக இருக்கும்.

இந்த நிலையில் 3.8-லிருந்து 3.4-க்குப் போனால் என்ன ஆகும்? இம்பெல்லர் வேகம் பன்னிரண்டு சதவீதம் கூடவேண்டும். அதைச் சுழற்றத் தேவைப்படும் ஆற்றலோ வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறும். தோராயமாக நாற்பது சதவீதம். ஐந்து லிட்டர் இன்ஜினுக்கு எட்டு பிஎஸ்ஐயில் 35 குதிரைத்திறன் இழுத்த பெல்ட், இப்போது ஐம்பதுக்குப் பக்கத்தில் இழுக்கவேண்டும். அதே நேரத்தில் பெல்ட் புல்லியைத் தொடும் நீளம் குறைகிறது: அரைச்சுற்று என்று வைத்தால் ஆறு அங்குலத்திலிருந்து ஐந்தே கால் சொச்சத்துக்கு. சுமை கூடுகிறது, பிடி குறைகிறது. ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்த பெல்ட் இன்னும் அதிகமாக வழுக்கும். சின்ன புல்லி போட்டும் பூஸ்ட் ஏறவில்லை என்று புலம்புபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

பிடியைக் கூட்ட வழிகள் உண்டு. சூப்பர்சார்ஜர் புல்லிக்குப் பக்கத்தில் ஒரு ஐட்லரை (பெல்ட்டைத் திருப்பிவிடும் வெற்றுச் சக்கரம்) வைத்து பெல்ட் சுற்றும் கோணத்தைப் பெரிதாக்கலாம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் டென்ஷனர் தளர்ந்திருந்தால் மாற்றலாம். ஆறு ரிப் பெல்ட்டிலிருந்து எட்டுக்கோ பத்துக்கோ போகலாம். புல்லிகள் எல்லாமே மாறும் என்பதால் செலவு கூடும், ஆனால் பணம் வீணாகாது. டென்ஷனரை மட்டும் மிகையாக இறுக்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். அந்த இழுவை முழுவதும் ஹெட் யூனிட்டின் முன் பேரிங்கிலும் கிராங்க் மூக்கிலும் (கிராங்கின் முன் நுனி)தான் போய் விழுகிறது.

பல் வைத்த காக் பெல்ட் வழுக்கவே வழுக்காது. ஆனால் கியர் மாற்றும்போது இன்ஜின் வேகம் சட்டென விழும். ஐம்பதாயிரம் ஆர்பிஎம்மில் சுற்றும் இம்பெல்லர் அவ்வளவு சட்டென விழாது. ரிப் பெல்ட் அந்த அதிர்ச்சியைக் கொஞ்சம் வழுக்கி விழுங்கிக்கொள்ளும். காக் பெல்ட் அதை அப்படியே கியர் பற்களுக்கும் கிராங்குக்கும் அனுப்பிவிடும். சத்தமும் அதிகம். ட்ராக் கார் என்றால் சரி. தினமும் அலுவலகம் போகும் காருக்கு வேண்டாம்.

இப்போது புல்லி

நம் கணக்கில் 3.6 அங்குலப் புல்லி போட்டால் ரெட்லைனில் இம்பெல்லர் 49,000, பூஸ்ட் எட்டிலிருந்து ஒன்பதுக்கு வரும். 3.4 போட்டால் 51,900, பூஸ்ட் பத்தேகால் பத்தரை. 3.2 போட்டால் 55,000-ஐத் தாண்டிவிடும். அது எல்லைக்கு வெளியே. 3.4-இலும் ரெட்லைனை 7,200-க்கு ஏற்றிவிட்டால் எல்லை தாண்டிவிடும், அதை மறந்துவிடக்கூடாது.

எல்லை என்பது ஏதோ உற்பத்தியாளர் பயந்து போட்ட எண் அல்ல. இம்பெல்லர் நுனியின் வேகம்தான் முதல் காரணம். கவாஸாகி நிஞ்ஜா ஹெச்2 பைக்கின் சூப்பர்சார்ஜர் ஏறத்தாழ 1,30,000 ஆர்பிஎம் வரை சுற்றுகிறது. அதன் இம்பெல்லர் 69 மில்லிமீட்டர்தான் என்பதால் அது சாத்தியம். அப்போதும் நுனி நொடிக்கு 460 மீட்டருக்கு மேல் பறக்கிறது, ஒலியின் வேகத்தைவிட அதிகம். கார் யூனிட்டில் இம்பெல்லர் பெரியது, ஆகவே குறைந்த ஆர்பிஎம்மிலேயே நுனி வேகமும் பேரிங் சுமையும் உச்சத்துக்கு வந்துவிடும். அதோடு, எல்லையை நெருங்கும்போது கம்ப்ரெசரின் திறமை குறைகிறது. கூடுதலாகச் செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு காற்றைச் சூடாக்குவதில் போய்விடும். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில், எட்டு பிஎஸ்ஐயில் யூனிட்டைவிட்டு வெளிவரும் காற்று தொண்ணூறு டிகிரியைத் தொடும். பத்தரையில் நூற்றைந்தைத் தாண்டும்.

இதே வேகத்தைக் கிராங்க் புல்லியைப் பெரிதாக்கியும் பெறலாம். 7-க்குப் பதில் 7.8 அங்குலம் போட்டு, மேலே 3.8-ஐ அப்படியே விட்டால் விகிதம் ஏறக்குறைய 3.4 புல்லிக்குச் சமம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். மேலே உள்ள புல்லியில் பெல்ட் தொடும் நீளம் குறையாது. பெல்ட்டின் ஓட்ட வேகமும் கூடுகிறது, ஆகவே அதே ஆற்றலைக் கடத்தக் குறைந்த இழுவையே போதும். வழுக்கல் இரண்டு விதத்திலும் குறைகிறது.

தொல்லை வேலையில்தான். மேல் புல்லி நூறு டாலரை ஒட்டிய விலை, அரைமணி நேர வேலை. கிராங்க் புல்லியோ டாம்பரோடு சேர்ந்தது. இடம் பத்துமா என்று பார்க்கவேண்டும், புல்லர் வேண்டும், கழற்றிய கிராங்க் போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதிதுதான் போடவேண்டும். விலை மலிவு என்று டாம்பர் இல்லாத வெறும் உலோகப் புல்லியை மாட்டாதீர்கள். கிராங்கின் முறுக்கு அதிர்வை அடக்குவது டாம்பர்தான். கொயோட்டியில் ஆயில் பம்ப்பின் சின்டர் உலோக (உலோகத் தூளை அழுத்திச் செய்த) கியர்கள் கிராங்க் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கின்றன, அதிக வேகத்தில் உடைவதற்குப் பெயர்போனவை. இன்னொன்று, சூப்பர்சார்ஜரும் மற்ற பாகங்களும் ஒரே பெல்ட்டில் ஓடும் கிட்டாக இருந்தால் ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்து வேகமாகச் சுற்றும். தனி பெல்ட் கிட்டில் இந்தக் கவலை இல்லை.

பெரிய ஹெட் யூனிட், அல்லது வேறு வகை

பன்னிரண்டு, பதினான்கு பிஎஸ்ஐ வேண்டும் என்பவர் சின்ன யூனிட்டைக் கசக்கிப் பிழிவதைவிடப் பெரிய யூனிட்டை நிதானமாகச் சுற்றுவது மேல். பெரிய இம்பெல்லர் அதே காற்றைக் குறைந்த வேகத்தில், குறைந்த வெப்பத்தில் தரும். சில ஆயிரம் டாலர் செலவு, அதுதான் தடை. மறுபக்கம், தேவைக்கு மீறிய யூனிட்டும் சரியில்லை. இன்ஜின் விழுங்கும் காற்று, யூனிட்டின் காற்றோட்டத்தையும் அழுத்தத்தையும் காட்டும் கம்ப்ரெசர் வரைபடத்தில் சர்ஜ் கோட்டுக்கு இடதுபுறம் விழுந்தால், நடு வேகத்தில் காற்று முன்னும் பின்னும் அடித்து யூனிட் நடுங்கும். வரைபடம் கேட்டு வாங்கிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கீழ் வேகத்தில் பூஸ்ட் வேண்டும் என்பவர்களுக்கு வேறு பதில். சிலர் மிகச் சின்ன புல்லி போட்டு நடுவேகத்தில் பூஸ்டை ஏற்றி, மேலே மிஞ்சுவதை ஒரு வேஸ்ட்கேட் வால்வு வழியாக வெளியே விடுவார்கள். பலன் உண்டு, ஆனால் வெளியே விடும் காற்றை அழுத்தவும் இன்ஜின் உழைத்துத்தான் இருக்கிறது, இம்பெல்லரும் உச்ச வேகத்தில்தான் சுற்றுகிறது. அதைவிட எளிய வழி ஒன்று யாரும் அதிகம் பேசாமல் கிடக்கிறது: பின் சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரென்ஷியலின் கியர் விகிதம். இந்த ஆண்டுகளின் மேனுவல் கியர் மஸ்டாங் ஜிடி 3.31, 3.55, 3.73 விகிதங்களில் வந்தது. 3.31 உள்ள காரில் 3.73 போட்டால், அதே சாலை வேகத்தில் இன்ஜின் பதின்மூன்று சதவீதம் வேகமாகச் சுற்றும். வர்க்க விதிப்படி அந்த இடத்தில் பூஸ்ட் கால் பங்குக்கு மேல் கூடும். உச்ச பூஸ்ட் மாறாது, ஆகவே இன்ஜினுக்குப் புதிய ஆபத்தும் இல்லை. ஹைவேயில் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் குடிக்கும், அவ்வளவுதான்.

அதுவும் போதாது, 2,500-இலேயே முழு பூஸ்ட் வேண்டும் என்றால் சென்ட்ரிஃபியூகலை விற்றுவிட்டு, கீழ் வேகத்திலேயே பூஸ்ட் தரும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜருக்கோ ட்வின் ஸ்க்ரூவுக்கோ போவதே நேர்மையான வழி. 2020-இல் வந்த ஷெல்பி ஜிடி500-க்கு ஃபோர்டு ரூட்ஸ் வகையான 2.65 லிட்டர் ஈட்டன் டிவிஎஸ்ஸைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆனால் கீழ் வேகத்தில் திடீரென வரும் டார்க்தான் (முறுக்குவிசை) கனெக்டிங் ராடை வளைக்கும், பின் டயரை எரிக்கும். சென்ட்ரிஃபியூகல் படிப்படியாக ஏற்றுவதால் கழற்றாத இன்ஜினிலும் பல வருடம் தாங்குகிறது.

எரிபொருள் அனுமதிக்கிறதா?

11:1 கம்ப்ரெஷனில் பத்து பிஎஸ்ஐ என்பது பங்க் பெட்ரோலுக்கு நெருக்கடியான இடம். நாக்கிங்கை, அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவதை, எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண் ஆக்டேன். அமெரிக்காவில் பல மாநிலங்களில் 93 ஆக்டேன் கிடைக்கும், கலிஃபோர்னியாவில் 91 தான். அங்கே போடும் எண் இரண்டு அளவுமுறைகளின் சராசரி. இந்தியாவில் போடுவது அந்த இரண்டில் ஒன்றான ஆர்ஓஎன் மட்டும். நம் ஊர் 91, அமெரிக்கப் பங்கில் ஏறத்தாழ 87. அவர்களுடைய டியூன் எண்களை இங்கே அப்படியே நம்பக்கூடாது. நாக்கிங் வந்தால் டியூனர் இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்கு இழுப்பார். இரண்டு பிஎஸ்ஐ கூட்டிய லாபத்தை அது விழுங்கிவிடலாம். எத்தனால் அதிகம் கலந்த இ85 எரிபொருள் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும், ஆவியாகும்போது காற்றையும் குளிர்விக்கும், ஆனால் பெட்ரோலைவிடச் சுமார் முப்பது சதவீதமாவது கூடுதலாகத் தேவைப்படும். இன்ஜெக்டரும் ஃபியூவல் பம்ப்பும் அதற்கேற்ப இருக்கவேண்டும். எந்த எரிபொருளானாலும், புல்லி மாற்றிவிட்டு பழைய டியூனில் ஒரு முறைகூட முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும்: மாசு விதிகளுக்காக அந்த மாநிலம் தரும் அனுமதி எண் கிட் சோதிக்கப்பட்ட வடிவத்துக்குத்தான், புல்லி அளவும் அதில் அடக்கம்.

தினசரி ஓட்டும், இன்ஜினைத் திறக்காத, 93 ஆக்டேன் ஊற்றும் கார் என்றால் என் தேர்வு இதுதான்: கசிவுச் சோதனை, ஃபில்டர் பக்கக் குழாய், ஐட்லர், அதன் பிறகு 3.6 அங்குலப் புல்லி ஒன்று, புது டியூன். அங்கேயே நிறுத்திவிடுவேன். 3.31 கியர் உள்ள கார் என்றால் புல்லிக்கு முன்பே 3.73. இ85 எளிதாகக் கிடைக்கும் ஊர், எரிபொருள் பாகங்களுக்குச் செலவிடத் தயார் என்றால் பெரிய கிராங்க் புல்லியும் எட்டு ரிப் பெல்ட்டும் சேர்த்துப் பத்தரை வரை போகலாம், ஆயில் பம்ப் கியரை அதோடு மாற்றிவிட்டு. அதற்கு மேல் ஆசைப்படுபவர் முதலில் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) ராடும் பிஸ்டனும் போட்டு இன்ஜினைக் கட்டட்டும், பெரிய ஹெட் யூனிட்டை அதன் பிறகு வாங்கட்டும்.